கூரைமேல் ஆர்டன்: ஹாம் ரேடியோ மெஷ் நெட்வொர்க், சில வருட அனுபவம்

கலிஃபோர்னியாவில் அலமீடா தென்கரையில் என் வீட்டுக் கூரைமேல் மைக்ரோடிக் நிறுவனத்தின் எல்எச்ஜி என்ற வைஃபை டிஷ் ஆன்டெனா ஒன்று சில வருடங்களாக நிற்கிறது. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவுக்கு அந்தப் பக்கம், தென்மேற்கே சுமார் 17 கிலோமீட்டரில் ஒரு மலைச்சரிவில் இருக்கும் இன்னொரு நோடோடு, அதாவது நெட்வொர்க்கின் இன்னொரு கருவியோடு, அது பேசிக்கொண்டே இருக்கிறது. இடையில் எந்த இணைய நிறுவனமும் இல்லை, மாதக் கட்டணமும் இல்லை. ஹாம், அதாவது அமெச்சூர் ரேடியோ, உரிமம் வைத்திருக்கும் நண்பர்கள் அவரவர் வீட்டிலும் மலையிலும் வைத்த பெட்டிகள் சேர்ந்ததுதான் மொத்த நெட்வொர்க். "எந்தப் பெட்டி வாங்கலாம்?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். பெட்டியைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் நான் பார்த்த வரையில் பெட்டி இதில் கால்வாசி விஷயம்தான். மீதி முக்கால்வாசி அலை போகும் வழி, சுற்றியிருக்கும் இரைச்சல், மின்சாரம். இந்த மூன்றுக்கும் நேரம் செலவழித்தவர்களின் நோடுகள்தான் இன்றும் ஓடுகின்றன.

புதியவர்களுக்காகச் சுருக்கமாக. அமெச்சூர் ரேடியோ எமர்ஜென்சி டேட்டா நெட்வொர்க் என்பதைச் சுருக்கி ஆர்டன் என்போம். இதன் வேர் டெக்சாஸில். அங்கே சில ஹாம்கள், எல்லார் வீட்டிலும் இருந்த அந்த நீலக்கறுப்பு லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரில் வேறு ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) ஏற்றி, ஒன்றையொன்று தானாகக் கண்டுபிடித்துக் கோத்துக்கொள்ளும் மெஷ்ஷாக மாற்றினார்கள். ஹெச்எஸ்எம்எம் மெஷ் என்று தொடங்கி பிராட்பேண்ட் ஹாம்நெட் ஆகி, அதிலிருந்து பிரிந்து வந்ததுதான் ஆர்டன். அடித்தளம் ஓபன்டபிள்யூஆர்டி என்ற ரவுட்டர் மென்பொருள். இன்று மைக்ரோடிக், யுபிக்விட்டி, டிபி லிங்க், ஜிஎல் ஐநெட் என்று கடையில் கிடைக்கும் பல வெளிப்புற வைஃபை கருவிகளில் ஓடுகிறது. ஃபர்ம்வேர் இலவசம்.

வைஃபை கருவிதானே, இதில் ஹாம் எங்கே வருகிறது? அலைவரிசையில்தான். அமெரிக்காவில் அமெச்சூர் உரிமம் உள்ளவர்களுக்கு 2390 முதல் 2450 மெகாஹெர்ட்ஸ் வரையும், 5650 முதல் 5925 மெகாஹெர்ட்ஸ் வரையும் இடம் இருக்கிறது. சாதாரண வைஃபையின் முதல் சேனல் 2412ல் ஆரம்பிக்கிறது. அதற்குக் கீழே மைனஸ் 2 என்று ஆர்டனில் ஒரு சேனல், 2397 மெகாஹெர்ட்ஸ். பக்கத்து வீட்டு ரவுட்டர் அங்கே வரவே முடியாது. அந்த அமைதியின் மதிப்பு, நகரத்துக்குள் இரண்டு கூரைகளை 2.4ல் இணைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கூடவே பட்டை அகலத்தை 20லிருந்து 10 அல்லது 5 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்துக்கொள்ளலாம். பாதியாகக் குறைத்தால் வேகமும் பாதியாகும், ஆனால் சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளியில் 3 டிபி (டெசிபல்) கிடைக்கும். தூர இணைப்பில் அந்த 3 டிபி பெரிய விஷயம்.

என்னிடம் இருப்பது இரண்டே கருவிகள். வீட்டுக்குள் மைக்ரோடிக் ஹாப் ஏசி லைட், கூரையில் எல்எச்ஜி 5 ஏசி. ஹாப்பில் ஐந்து போர்ட்டுகள். முதல் போர்ட் இணையத்துக்கு, நடுவில் இருக்கும் மூன்றும் வீட்டுக் கணினி, போன், கேமராவுக்கு, ஐந்தாவது கூரைக்கு. அந்த ஐந்தாவது போர்ட்டே கேபிள் வழியாக மேலே இருக்கும் டிஷ்ஷுக்கு மின்சாரமும் கொடுத்துவிடும். தனி ஸ்விட்ச், அதில் விலேன் (ஒரே கேபிளில் தனித்தனி நெட்வொர்க்குகள்) அமைப்பது என்று எந்த வேலையும் இல்லை. புதிதாக வருபவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது இந்த ஜோடியைத்தான். தூரம் நாலைந்து கிலோமீட்டருக்குள் என்றால் டிஷ்ஷுக்குப் பதிலாக எஸ்எக்ஸ்டி ஸ்கொயர் போதும். கையடக்கமான சதுரப் பெட்டி, 16 டிபிஐ (ஆன்டெனா சிக்னலைக் குவிக்கும் அளவு). பழைய யுபிக்விட்டி எம் வரிசை கருவிகள் சந்தையில் மலிவாகக் கிடைக்கும், ரொம்ப உழைக்கும். ஆனால் 32 எம்பி நினைவகம் மட்டும் உள்ள மாடல்களுக்குப் புதிய ஃபர்ம்வேர் கிடையாது. மலிவு என்று பார்த்தவுடன் பணம் கொடுக்காமல், ஆர்டன் தளத்தில் இருக்கும் ஆதரவுப் பட்டியலில் மாடல் எண்ணை எழுத்து பிசகாமல் சரிபார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஃபர்ம்வேர் ஏற்றுவது கொஞ்சம் பொறுமை கேட்கும் வேலை. யுபிக்விட்டி எம் வரிசையை ரீசெட் பட்டனை அழுத்திப் பிடித்து மீட்பு நிலைக்குக் கொண்டுவந்து, 192.168.1.20க்கு டிஎஃப்டிபி என்ற கோப்பு அனுப்பும் முறையில் ஃபர்ம்வேரை அனுப்பவேண்டும். மைக்ரோடிக் வேறு மாதிரி. கணினியே தற்காலிக பூட் சர்வராக நிற்கவேண்டும், கருவி அங்கிருந்து ஒரு சின்னக் கோப்பை எடுத்து நினைவகத்தில் ஓடத் தொடங்கும், அதன்பிறகு உண்மையான ஃபர்ம்வேரை உலாவி வழியாக ஏற்றலாம். கணினியில் வைஃபையை அணைத்துவிட்டு, ஃபயர்வாலையும் நிறுத்திவிட்டு, நடுவில் ஒரு சாதாரண ஸ்விட்ச் வைத்துக்கொண்டு செய்தால் பெரும்பாலும் ஒரே முயற்சியில் முடிந்துவிடுகிறது. அப்புறம் கால்சைனோடு (உரிமத்தோடு கிடைக்கும் அழைப்புக் குறி) சேர்த்து நோடுக்கு ஒரு பெயர், கடவுச்சொல், சேனல், அகலம், இருப்பிடம். அவ்வளவுதான். ஐபி முகவரியைப் பற்றிக் கவலையே வேண்டாம். கருவியின் மேக் முகவரியிலிருந்து 10ல் தொடங்கும் ஒரு முகவரியை அதுவே அமைத்துக்கொள்ளும்.

இனி வழி. 5.8 கிகாஹெர்ட்ஸில் 17 கிலோமீட்டருக்கு வெற்றுவெளி இழப்பு சுமார் 132 டிபி. 25 டிபிஎம் (சக்தியின் அளவு) அனுப்பி, இரண்டு பக்கமும் 24.5 டிபிஐ டிஷ் வைத்தால் அந்தப் பக்கம் மைனஸ் 58 டிபிஎம் அளவில் கிடைக்கவேண்டும். எனக்குக் கிடைத்தது அதைவிட நாலைந்து டிபி குறைவு, அது நல்ல பலன்தான். ஆனால் இந்தக் கணக்கெல்லாம் நடுவில் எதுவும் மறைக்காவிட்டால் மட்டுமே. கண்ணுக்கு மலை தெரிந்தால் மட்டும் போதாது. நேர்கோட்டைச் சுற்றி ஃபிரெனல் மண்டலம் என்று ஒரு பருத்த சுருட்டு வடிவ இடம் இருக்கிறது. இந்த தூரத்துக்கு நடுவில் அதன் ஆரம் ஏறக்குறைய 15 மீட்டர். அதில் அறுபது சதவீதமாவது காலியாக இருக்கவேண்டும். ஒரு யூகலிப்டஸ் மரம் அதற்குள் வளர்ந்து நுழைந்தால் போதும், மழைக்காலத்தில் இலை நனைந்ததும் இணைப்பு தள்ளாடும்.

டிஷ்ஷைத் திருப்புவதற்கு ஆர்டனில் ஓர் அருமையான வசதி இருக்கிறது, பலர் பயன்படுத்துவதில்லை. சிக்னல் வரைபடப் பக்கத்தில் ஒலியை இயக்கிவிட்டால், சிக்னல் ஏற ஏற ஒலியின் சுருதியும் ஏறும். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கிளாம்ப்பைக் கொஞ்சமே தளர்த்தி, இரண்டு கையாலும் டிஷ்ஷைப் பிடித்துக்கொண்டு காதால் கேட்டே திருப்பலாம். திரையைப் பார்த்துக்கொண்டு ஏணிமேல் நிற்கும் ஆபத்து இல்லை. கவனிக்கவேண்டியது ஒன்று. இந்த டிஷ்ஷின் கதிர் ஏழெட்டு டிகிரி அகலம்தான், அதன் இருபக்கமும் சின்னச் சின்ன பக்கக் கதிர்கள் உண்டு. சுருதி ஏறி இறங்கும் முதல் இடத்திலேயே திருகிவிடாமல், இரண்டு பக்கமும் நன்றாகத் தாண்டிப் போய், எல்லாவற்றிலும் உயரமான உச்சி எது என்று கேட்டுவிட்டுத்தான் இறுக்கவேண்டும். கை பட்டு டிஷ் சின்னதாக அசைந்தால்கூட ஒலி எப்படி விழுகிறது என்று ஒருமுறை கேட்டால், காற்றுக்கு ஆடாத கம்பம் ஏன் தேவை என்பதும் புரிந்துவிடும்.

இந்த இணைப்பில் எனக்கு மிகவும் பிடித்த பாடத்தைக் கற்றுக்கொடுத்தது கடல்தான். ஆரம்பத்தில் சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி சில மணி நேரம் 30 டிபியில் அழகாக நிற்கும், பிறகு மெல்ல இறங்கி 15க்கும் கீழே போகும், மறுபடி ஏறும். வானிலை இல்லை, இரைச்சலும் இல்லை. இறங்கும் நேரம் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போவதைப் பார்த்துத்தான் அமெரிக்கக் கடல், வளிமண்டல அமைப்பான நோவா வெளியிடும் அலமீடா கடல் ஏற்றவற்ற அட்டவணையை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அச்சு அசலாகப் பொருந்தியது. விஷயம் இதுதான். மலையிலிருந்து வரும் அலை நேராகவும் வருகிறது, என் வீட்டுக்குச் சில நூறு மீட்டர் முன்னால் தண்ணீரில் பட்டுத் தெறித்தும் வருகிறது. இரண்டும் ஒன்றாக வந்து சேர்ந்தால் பலம், எதிரெதிராக வந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். இந்த அலைவரிசையில் அலைநீளம் சுமார் 5 சென்டிமீட்டர். இங்கே கடல்மட்டம் ஒரே நாளில் இரண்டு மீட்டர் வரை ஏறி இறங்கும்போது, தெறித்து வரும் பாதையின் நீளம் ஓர் அலைநீளத்துக்கும் மேல் மாறிவிடுகிறது. அதனால் ஒவ்வொரு பெரிய ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஒரு பள்ளம் நிச்சயம்.

ஆன்டெனாவை இன்னும் உயர்த்து என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். பொதுவாக அது சரியான அறிவுரை. தண்ணீர்மேல் போகும் இணைப்பில் அது வேலைக்கு ஆகாது, உயர்த்தினால் பள்ளம் வரும் நேரம்தான் மாறும். நான் ஒன்றரை மீட்டர் கீழே இறக்கினேன். எதிர் வரிசை வீடுகளின் கூரைகள் இப்போது தண்ணீரை மறைக்கின்றன, மலைச்சரிவு மட்டும் அவற்றுக்கு மேலே தெளிவாகத் தெரிகிறது. நேரடி அலை ஒரு டிகிரி மேலிருந்து வருகிறது, தெறித்த அலை ஒரு டிகிரி கீழிருந்து. அறுபது மீட்டர் தள்ளியிருக்கும் கூரைக்கு அந்த இரண்டு டிகிரி வித்தியாசம் இரண்டு மீட்டர். கீழிருந்து வருவதை வெட்டிவிட அது தாராளம். உச்ச சிக்னல் ஒன்றிரண்டு டிபி குறைந்தது, பள்ளம் ஏறக்குறைய காணாமலே போனது. கடற்கரை, ஏரிக்கரை, பெரிய உப்பளம் என்று தண்ணீரைத் தாண்டி இணைப்பு போடுபவர்கள் கம்பம் வாங்கும் முன் இதை யோசித்துவிடுங்கள்.

இரைச்சல் விஷயத்தில் நிலைமை வருடா வருடம் இறுகிக்கொண்டு வருகிறது. 3.4 கிகாஹெர்ட்ஸ் எங்களுக்குப் பொன்னான இடமாக இருந்தது, வைஃபை தொல்லையே இல்லை. அதில் 3450 முதல் 3500 வரை 2022 ஏப்ரலில் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி எடுத்துக்கொண்டது, 5ஜிக்காக. மீதிப் பகுதியை நம்பி யாரும் புதிதாக முதலீடு செய்யத் தயாராக இல்லை. 5.8ல் 5850க்கு மேலே ஒதுங்கினால் அமைதி என்று இருந்தோம், 2020ல் 5850 முதல் 5895 வரையும் உரிமம் தேவையில்லாத கருவிகளுக்குத் திறந்துவிட்டார்கள். ஆகவே சேனலை ஒருமுறை வைத்துவிட்டு மறந்துவிடமுடியாது. அக்கம்பக்கத்தில் புது ரவுட்டர்கள் வர வர, ஸ்கேன் செய்து பார்த்து இரண்டு முனையிலும் பேசி மாற்றிக்கொள்ளவேண்டியிருக்கிறது. அந்தப் பேச்சுக்கு குரலை வாங்கி மறுபடி அனுப்பும் பழைய எஃப்எம் ரிப்பீட்டர்தான் கைகொடுக்கிறது!

சரி, இதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறோம்? மேஜைமேல் ஒரு ஐபி போன் இருக்கிறது. நெட்வொர்க்கில் எங்கோ ஒரு ராஸ்ப்பெரி பை என்ற சின்னக் கணினியில் ஆஸ்டரிஸ்க் என்ற தொலைபேசி மென்பொருள் ஓடுகிறது, நாலு இலக்க எண்ணை அழுத்தினால் வளைகுடாவின் மறுகரையில் மணி அடிக்கிறது. குரல் சுத்தமாக இருக்கும், ரேடியோ போல ஒருவர் முடித்த பிறகுதான் மற்றவர் என்பது இல்லை. மெஷ்சாட் என்ற அரட்டைப் பக்கம் இருக்கிறது, கோப்பும் அனுப்பலாம். மலைமேல் காட்டுத்தீ புகையைப் பார்க்க ஒரு கேமரா. ஹாம்களின் வின்லிங்க் மின்னஞ்சல் இதன்மேல் ஓடும்போது, எச்எஃப் சிற்றலையில் நிமிடக்கணக்கில் ஊர்ந்து போகும் படிவம் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். அவசரகாலத்தில் முகாமிலிருந்து கட்டுப்பாட்டு மையத்துக்குப் பட்டியல் அனுப்பவேண்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

விதியையும் சொல்லிவிடுகிறேன். அமெச்சூர் அலைவரிசையில் செய்தியின் பொருளை மறைக்கும் குறியாக்கம் கூடாது, வியாபாரமும் கூடாது. எனவே வீட்டு இணையத்துக்கு மாற்றாக இதைக் கற்பனை செய்யவேண்டாம். வங்கிக் கணக்கு பார்ப்பது, படம் பார்ப்பது, அலுவலக விபிஎன் எல்லாம் இதில் இல்லை. பேசுவதை யாரும் கேட்கலாம் என்று நினைத்துக்கொண்டே பேசவேண்டும். முகாமில் இருப்பவரின் நோய் விவரம் போன்ற தகவல்களை எப்படிக் கையாள்வது என்பதைப் பயிற்சியிலேயே முடிவு செய்துவைப்பது நல்லது.

டனல்கள் பற்றி எனக்குக் கொஞ்சம் கடுமையான கருத்து உண்டு. மலை மறைக்கும் இரண்டு நோடுகளை இணையம் வழியாக டனல் போட்டு இணைக்க ஆர்டனில் வசதி இருக்கிறது. இப்போது வயர்கார்டு என்ற டனல் மென்பொருள் வந்தபிறகு அமைப்பதும் எளிது. கற்றுக்கொள்ள, தூரத்து நண்பரோடு சோதித்துப் பார்க்க, நிச்சயம் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வரைபடத்தில் நூறு நோடுகள் தெரிகின்றன என்று மகிழ்வதற்கு முன், வீட்டு மோடத்தின் கேபிளைப் பிடுங்கிவிட்டு எத்தனை மிஞ்சுகின்றன என்று பாருங்கள். ஒரு பயிற்சியின்போது எங்கள் குழுவில் எல்லாரும் ஒரே நேரத்தில் அப்படிப் பிடுங்கிப் பார்த்தோம். பட்டியல் சட்டென்று சுருங்கியது, சில நல்ல நண்பர்கள் தனித்தீவுகளாக நின்றார்கள். அதன்பிறகுதான் அவர்களை ரேடியோவில் சேர்ப்பதற்கு எந்தக் கூரை வேண்டும் என்று தேட ஆரம்பித்தோம். இப்போது ஒவ்வொரு பயிற்சியும் இணையம் இல்லாமல்தான் தொடங்குகிறது.

இவ்வளவு பிடிவாதம் எதற்கென்றால், நாங்கள் இருப்பது ஹேவர்ட் என்ற நிலநடுக்கப் பிளவுக்குப் பக்கத்தில். 1989 அக்டோபர் 17 லோமா பிரியேட்டா நிலநடுக்கத்தைப் பார்த்தவர்கள் இன்னும் எங்கள் குழுவில் இருக்கிறார்கள். 2043க்குள் இந்த வளைகுடாப் பகுதியில் 6.7 அல்லது அதற்கு மேற்பட்ட நிலநடுக்கம் வர 72 சதவீத வாய்ப்பு என்பது அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் கணிப்பு. நிலநடுக்கம்கூட வேண்டாம், 2019 அக்டோபரில் தீ அபாயத்துக்காக மின்சாரத்தை நிறுத்தியபோது மரின் கவுன்டியில் பாதிக்கும் மேற்பட்ட செல் டவர்கள் ஓய்ந்துபோயின. அப்படி ஒரு நாளில் நம் நோடும் மின்சாரம் இல்லாமல் ஓய்ந்தால் அதை வைத்து என்ன பயன்?

மின்சாரத்துக்கு 12.8 வோல்ட், 20 ஆம்பியர் அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்று. கணக்குப்படி 256 வாட் அவர். அதிலிருந்து 24 வோல்ட்டாக உயர்த்தும் சின்ன கன்வெர்ட்டர் வழியாக ஹாப்புக்கு, அதன் ஐந்தாவது போர்ட் வழியாகக் கூரைக்கு. இரண்டும் சேர்ந்து பத்து வாட்டுக்கு உள்ளே. மின்சாரம் போனால் ஏறக்குறைய ஒரு நாள் ஓடும், ஒரு சின்ன சோலார் பலகையும் சேர்த்தால் கவலை இல்லை. இன்வெர்ட்டர் யுபிஎஸ் வைக்காதீர்கள். டிசியை ஏசியாக்கி, அதை மறுபடி டிசியாக்குவதிலேயே பேட்டரியில் கணிசமான பங்கு வீணாகும். கேபிள் வெளிப்புறத்துக்கென்றே செய்த, கவசமுள்ள கேட்5இ. வீட்டுக்குள் நுழையும் இடத்தில் சர்ஜ் அரெஸ்டர், அதற்கு முறையான எர்த். இங்கே இடி மின்னல் குறைவு என்று இதை விடுபவர்கள் உண்டு. 2020 ஆகஸ்ட்டில் ஒரே இரவில் எத்தனை மின்னல், அதனால் எத்தனை பெரிய காட்டுத்தீ என்று இந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கேபிள் வீட்டுக்குள் போகும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

ஃபர்ம்வேர் பற்றி. 2024ல் இடைமுகத்தை முழுக்க மாற்றினார்கள், போனில் பார்க்க வசதியாக இருக்கிறது. 2025 வெளியீடுகளில் எந்த நோடு வழியாகப் போவது என்று தேடும் ஓஎல்எஸ்ஆர் முறையை விட்டுவிட்டு பேபல் முறைக்குப் போனார்கள். பெரிய மாற்றம், ஆனால் வழி மாறும்போது முன்பு இருந்த தடுமாற்றம் எனக்குக் குறைந்திருக்கிறது. மலைமேல் இருக்கும் கருவியில் மட்டும் புதிய பதிப்பை உடனே ஏற்றுவதில்லை. முதலில் வீட்டில் சில வாரம் ஓடவேண்டும். மலைப்பாதை மழையில் மூடியிருக்கும் மாதத்தில் ஒரு பெட்டி எழுந்திருக்காவிட்டால் வெயில் வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

சென்னையிலிருந்து நண்பர்கள் இதை அங்கே செய்யலாமா என்று கேட்கிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் போன் கிடைக்காமல் தவித்தவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. கருவிகள் அதேதான், இந்தியாவில் 2400 முதல் 2483.5 வரையும் 5 கிகாஹெர்ட்ஸில் சில பகுதிகளும் உரிமம் இல்லாமலே திறந்திருக்கின்றன. ஆனால் நான் மேலே சொன்ன மைனஸ் 2 போன்ற சேனல்கள் அமெரிக்க ஒதுக்கீட்டை ஒட்டியவை. அமெரிக்க ஃபர்ம்வேரை அப்படியே ஏற்றி அங்கே ஒலிபரப்பக் கூடாது. அங்குள்ள ஹாம் சங்கத்தினரிடம் பேசி, உள்ளூர் விதிக்குள் நிற்கும் சேனலும் சக்தி அளவும் எது என்று முடிவு செய்துகொண்டு தொடங்குங்கள். வழி, இரைச்சல், மின்சாரம் பற்றிச் சொன்னதெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும்.

எங்களுக்கு இப்போது தேவைப்படுவது ஓக்லாந்து, பெர்க்கிலி மேட்டுப் பகுதியில், மேற்கே வளைகுடாவையும் கீழே அலமீடாவையும் பார்க்கும் ஒரு கூரையோ பால்கனியோ. தென்கரையில் இருக்கும் சில நோடுகளை டனல் இல்லாமல் சேர்க்க அந்த ஓர் இடம் போதும். வீட்டுக்காரருக்கு உரிமம் இருக்கவேண்டும் என்பதில்லை, கருவி எங்கள் கால்சைனில் எங்கள் பொறுப்பில் ஓடும், பத்து வாட்டுக்கும் குறைவான மின்சாரம்தான் இழுக்கும். உரிமமும் எடுத்துக்கொள்ள ஆசை என்றால் டெக்னீஷியன் தேர்வு 35 கேள்விகள், 26 சரியாக இருந்தால் தேர்ச்சி, எஃப்சிசி கட்டணம் 35 டாலர். கேள்வித் தொகுப்பு முழுவதும் முன்கூட்டியே வெளியாகியிருக்கிறது, மோர்ஸ் கோட் தேவையில்லை. அந்த மேட்டில் வீடு வைத்திருக்கும் தமிழர் யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள். கம்பம், டிஷ், பேட்டரி எல்லாம் தயாராக இருக்கின்றன. ஒரு சனிக்கிழமை காலையில் வந்து பொருத்திக் கொடுத்துவிடுவோம்.